ஒரு சோறு பதம் சொல்லாத பானை

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, தெருவெங்கும் உறைபனி வெளுத்துக் கிடக்க, ஷெஃபீல்டில் எங்கள் வீட்டை ஒட்டிய கராஜில், புதிதாக வாங்கிய மின்சாரப் பானையில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். உடைத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரில் ஊறிய அந்த ஒரு மணி நேரமும் பானையின் திரை 67.0 டிகிரி செல்சியஸ் என்றே காட்டியது, எப்போதாவது 66.9 ஆகும், அடுத்த நிமிடமே 67.0க்குத் திரும்பிவிடும். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் சாதாரணக் கூல் பாக்ஸ் ஒன்றில்தான் இந்த வேலையைச் செய்துவந்தேன் என்பதால், இவ்வளவு நுணுக்கமான கட்டுப்பாடு கைக்கு வந்துவிட்டது என்று மனம் நிறைந்திருந்தது. மூன்று வாரம் கழித்து அந்த பீரை ஊற்றிக் குடித்தபோது அதில் கனமே இல்லை. நீர்த்த மோர் போல நாவில் நிற்காமல் ஓடியது. தண்ணீரை 1.000 என்று வைத்து அளந்தால், சர்க்கரை கரைந்திருந்த சாற்றின் தொடக்க அடர்த்தி 1.044; ஈஸ்ட் சர்க்கரையை உண்ண உண்ண அது இறங்கும். நொதித்து முடிந்தபோது 1.012இல் நின்றிருக்க வேண்டியது 1.008 வரை இறங்கியிருந்தது. அதே மால்ட், அதே ஈஸ்ட், அதே அளவுகள். மாறியது வெப்பத்தைக் காக்கும் கருவி ஒன்றுதான்.

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு ஏழெட்டு மாதங்கள் வெவ்வேறு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே கட்டினேன், சிலவற்றை நண்பர்களின் கராஜ்களில் நின்று அளந்தேன். பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் சொந்தத் தேவைக்குப் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை; உரிமமின்றி விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவதே குற்றம் என்பதால், அங்கிருந்து வாசிப்பவர்கள் இதை வெப்பத்தைப் பற்றிய ஒரு பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் கஞ்சி காய்ச்சுவது நமக்குப் புதிதல்ல. பார்லிக்கு அதையே செய்தால் அது மால்ட். முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளச் சில நொதிகளைத் தயார்செய்து வைத்திருக்கும். நாம் அதை நொய்யாக உடைத்து வெந்நீரில் ஊறவைக்கும்போது அவை வேலையைத் தொடங்கும். இந்த ஊறலைத்தான் மாஷ் என்கிறோம். இதில் இரண்டு நொதிகள் முக்கியமானவை. பீட்டா அமைலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாக நறுக்கி மால்ட்டோஸ் தருகிறது. ஈஸ்ட் விரும்பி உண்ணும் சர்க்கரை அது. 60 முதல் 65 டிகிரி வரை நன்றாக உழைக்கும் இந்த நொதி, 67 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் செயலிழந்துவிடும். ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுறுசுறுப்பாக இயங்கி, சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டுகிறது. அதனால் உண்டாகும் துண்டுகளில் சில ஈஸ்ட்டுக்கு எட்டாத டெக்ஸ்ட்ரின்களாக எஞ்சி பீருக்குத் திடம் தருகின்றன. ஆக 63 டிகிரியில் ஊறிய மாஷ் வறண்ட, மெலிந்த பீராகவும், 68இல் ஊறியது கொழுகொழுவென்ற பீராகவும் முடிவது இந்த இரு நொதிகளின் இழுபறியால்தான். நான்கைந்து டிகிரிக்குள் ஒரு பீரின் குணமே மாறிவிடும் என்பதால்தான் வெப்பக் கட்டுப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

வெப்பமானி இல்லாத காலத்திலும் நல்ல பீர் காய்ச்சியிருக்கிறார்கள். கொதித்த தண்ணீரைத் தொட்டியில் விட்டு, ஆவி அடங்கி, நீர்ப்பரப்பில் தன் முகம் தெளிவாகத் தெரியும்வரை காத்திருந்து மால்ட்டைக் கொட்டுவது இங்கிலாந்தின் பழைய வழக்கம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் அம்மா, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாரே, அதைப் போன்ற பதம் பார்க்கும் கலை அது. லண்டன் பீர் உற்பத்தியாளர் மைக்கேல் கோம்ப்ரூன் 1762இல் வெப்பமானியை வைத்துக் காய்ச்சுவது பற்றி நூலே எழுதினார். ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் மாஷின் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்க்கும் முறை வளர்ந்தது. கொதிநிலை எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், எவ்வளவு எடுத்தோம் என்ற கணக்கு ஒன்றே வெப்பமானியின் வேலையைச் செய்துவிடும்.

கூல் பாக்ஸுக்கு வருகிறேன். சுற்றுலாவுக்கு ஐஸும் குளிர்பானமும் எடுத்துச் செல்லும் அதே பெட்டிதான். அடியில் ஒரு குழாயும் உள்ளே ஒரு வடிகட்டியும் பொருத்திவிட்டால் மாஷ் தொட்டி தயார். மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை, எரிந்துபோக எதுவும் இல்லை. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான் உண்டு: மால்ட்டின்மேல் ஊற்றும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. அதை முன்கூட்டியே கணக்கிடலாம். மால்ட் ஒரு டிகிரி சூடேற, அதே எடைத் தண்ணீருக்குத் தேவைப்படும் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போதும். 5 கிலோ மால்ட் 2 லிட்டர் தண்ணீருக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். 18 டிகிரியில் இருக்கும் அந்த மால்ட்டை 67க்குக் கொண்டுவர வேண்டுமானால், 49 டிகிரி உயர்வுக்கான வெப்பத்தை 15 லிட்டர் தண்ணீர் தர வேண்டும். இரண்டு மடங்கு 49ஐ 15ஆல் வகுத்தால் ஆறரை. தண்ணீர் 73.5 டிகிரியில் இருக்க வேண்டும். பெட்டியும் கொஞ்சம் குடிக்கும் என்பதால், முதலில் வெந்நீர் விட்டுப் பத்து நிமிடம் பெட்டியைச் சூடாக்கி, அதைக் கொட்டிவிட்டுத் தொடங்குவேன்.

இந்தக் கணக்கில் நான் பல காலம் கவனிக்காத ஒன்று உண்டு. மால்ட் மூட்டை கராஜில் கிடந்தால், ஜனவரியில் அது 18 டிகிரியில் இருக்காது; 4 டிகிரியில் இருக்கும். அப்போது தேவைப்படும் தண்ணீர் 75.4 டிகிரி. இதைத் திருத்தாமல் கோடைக்காலக் கணக்கிலேயே ஊற்றினால் மாஷ் ஒன்றரை டிகிரிக்கு மேல் குறைவாகத்தான் தொடங்கும். இப்போது முதல்நாள் இரவே மால்ட்டை அளந்து சமையலறையில் வைத்துவிடுகிறேன்.

மூடியை மூடிவிட்டால் நல்ல கூல் பாக்ஸ் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் இழக்கும். மாவுச்சத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே மாறிவிடுவதால் அந்த ஒரு டிகிரி இழப்பு பீரில் தெரிவதே இல்லை. இதன் குறை வேறு. தொடங்கிய வெப்பநிலையிலிருந்து மேலே ஏற்ற வேண்டுமென்றால் கொதிநீரைச் சேர்ப்பதைத் தவிர எளிய வழியில்லை. ஒரு படி ஏற்றலாம், இரண்டாவது படியில் பெட்டி நிரம்பி மாஷ் நீர்த்துவிடும். மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி வகையின் மால்ட்டில் பிட்டர் என்ற ஆங்கில பீரைக் காய்ச்சுபவருக்கு ஒரே வெப்பநிலை போதும். 44 டிகிரியில் சிறிது நேரம் ஊறவிட்டால்தான் கிராம்பு வாசனைக்கான மூலப்பொருள் கூடுதலாகக் கிடைக்கும் ஜெர்மன் கோதுமை பீருக்கும், 63, 72, 77 என்று ஏற வேண்டிய லாகருக்கும் பெட்டி தோற்றுவிடுகிறது. நான் மின்சாரப் பானையை வாங்கியதற்கு அதுவே காரணம்.

அந்தப் பானைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரிதான்: வெளியே எஃகுப் பானை, அதன் அடியில் ஹீட்டர், உள்ளே மால்ட் நிற்கும் துளையிட்ட கூடை, அடியில் சேரும் வோர்ட் என்ற இனிப்புச் சாற்றை எடுத்துத் திரும்ப மேலே ஊற்ற ஒரு பம்ப். ஜெர்மனியின் பிரௌமைஸ்டர் மட்டும் சாற்றைக் கீழிருந்து மேலாகத் தானியத்தினூடே தள்ளுகிறது. நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதரும் அதைப் போன்ற மற்றவையும் மேலிருந்து கீழாக வடியவிடுகின்றன. என்னுடையது இரண்டாவது வகை. வெப்ப உணரி எங்கே இருக்கிறது என்று வாங்கும்போது நான் கேட்கவில்லை. அது பானையின் அடித்தட்டில், ஹீட்டரை ஒட்டி, கூடைக்குக் கீழே இருந்தது.

பிப்ரவரியில் அதே பீரை மறுபடி காய்ச்சினேன். இந்த முறை மூன்று தனி வெப்பமானிகளை ஐஸ் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்து, பிறகு 65 டிகிரி வெந்நீரில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தாளில் குறித்துக்கொண்டு, அவற்றை மாஷில் செருகினேன். மால்ட்டைக் கொட்டிக் கிளறிய பத்தாவது நிமிடத்தில் திரை 67.0 காட்டியது. மேலே சாறு விழும் குழாயின் வாயில் 64.8. கூடையின் நடுவில், தானியத்துக்குள் ஒரு சாண் ஆழத்தில் 63.2. கூடையின் ஓரத்தில் 62.4. முக்கால் மணி நேரம் கழித்தும் அந்த எண்கள் அரை டிகிரிகூட ஏறவில்லை.

குனிந்து பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. கூடையின் நடுவில் ஒரு வழிகுழாய் உண்டு. மேலே சாறு அதிகமாகத் தேங்கினால் பொங்கி வெளியே வழியாமல் நேரே அடிக்கு இறங்குவதற்காக வைத்தது. நான் மால்ட்டை மிகப் பொடியாக உடைத்திருந்ததால் தானியப் படுகை இறுகிக்கொண்டு சாற்றை உள்ளே விடவில்லை. பம்ப் மேலே கொண்டுவந்த சாற்றில் பெரும்பகுதி அந்த வழிகுழாயில் சலசலவென்று இறங்கி, அடியில் இருந்த நான்கு லிட்டரோடு சேர்ந்து, ஹீட்டரில் சூடாகி, உணரியைத் தொட்டு, மறுபடி மேலே போய்க்கொண்டிருந்தது. கருவி அந்த நான்கு லிட்டரை மிக நேர்த்தியாக 67.0இல் வைத்திருந்தது. மால்ட் அந்தச் சுற்றுக்கு வெளியே தன்பாட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கொதிக்கும் தண்ணீரில் அரிசி ஓயாமல் புரண்டு, எல்லாப் பருக்கையும் ஒரே வெப்பத்தைப் பெறுவதால் அது சோற்றுக்குப் பொருந்துகிறது. மாஷ் புரள்வதில்லை. அது களியைப் போல இறுகி உட்காரும். நடுவுக்கும் ஓரத்துக்கும், மேலுக்கும் கீழுக்கும் வெவ்வேறு வெப்பநிலை இருக்கும். ஓர் இடத்தில் வைத்த உணரி அந்த இடத்தை மட்டுமே அறியும். ஆகவே எந்த முறையை எடைபோட்டாலும் நான் இப்போது முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: உணரி எங்கே தொடுகிறது? அது தொடும் சாற்றுக்கும் தானியத்துக்கும் இடையே வெப்பம் எப்படிப் பயணிக்கிறது? திரையில் தசமத்துக்குப் பின் எத்தனை இலக்கம் என்பது அதற்குப் பின்னர்தான்.

இந்தக் கேள்விகளோடு பார்த்தால், ஆஸ்திரேலியாவில் 2000களின் நடுவில் பரவிய துணிப்பை முறை நான் நினைத்ததைவிட மேலாகத் தெரிகிறது. ஒரே பானையில் எல்லாத் தண்ணீரையும் சூடாக்கி, மால்ட்டைப் பெரிய வலைப்பையில் கட்டி இறக்கி, பானையைப் போர்வையால் சுற்றிவிடுகிறார்கள். மாஷ் தளர்வாக இருப்பதால் கரண்டியால் கிளறினாலே வெப்பம் சமமாகிவிடும். வெப்பம் குறைந்தால் அடுப்பை மூட்டலாம். ஆனால் கிளறிக்கொண்டே மூட்ட வேண்டும், இல்லையேல் பை அடியில் ஒட்டித் தீய்ந்துபோகும்.

ரிம்ஸ் என்ற முறையை அமெரிக்க வீட்டுக்காய்ச்சுநர் ராட்னி மாரிஸ் 1980களில் உருவாக்கினார். மாஷிலிருந்து வடியும் சாற்றை ஹீட்டர் பொருத்திய ஒரு குறுகிய குழாய் வழியாகப் பம்ப் செய்து, சூடாக்கித் திரும்ப ஊற்றுவது அதன் அடிப்படை. நண்பர் ஒருவர் 1500 வாட் ஹீட்டரை வைத்துக் கட்டியிருக்கிறார். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், முழுத் திறனில் அந்தக் குழாய் சாற்றை ஐந்தரை டிகிரி உயர்த்தும்; 65இல் நுழைவது 70.5இல் வெளிவரும், கேடில்லை. படுகை இறுகி ஓட்டம் நிமிடத்துக்கு ஒரு லிட்டராகக் குறைந்தால் அதே ஹீட்டர் இருபத்தொரு டிகிரிக்கு மேல் உயர்த்தும். 65இல் நுழைந்த சாறு 86இல் வெளிவரும்; அதிலிருக்கும் நொதிகள் அந்த ஒரு சுற்றிலேயே அழிந்துவிடும். ஓட்டம் நின்றேபோனால் சர்க்கரை ஹீட்டரில் கருகி, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவை எவ்வளவு போட்டாலும் போகாத தீய்ந்த வாசம் பீரில் ஏறிவிடும். ஆகவே ரிம்ஸில் உணரி குழாயின் வெளிவாயிலேயே இருக்க வேண்டும், ஓட்டம் குறைந்தால் ஹீட்டரைத் தானாக அணைக்கும் அமைப்பும் வேண்டும். மாஷ் தொட்டிக்குள் உணரியை வைத்துவிட்டால், தானியம் சூடாகவில்லை என்று கருவி மேலும் மேலும் வெப்பத்தை ஏற்றி, தொட்டிக்கு வரும் சாற்றையெல்லாம் வேகவைத்துவிடும்.

ஹெர்ம்ஸ் முறையில் ஹீட்டர் சாற்றைத் தொடுவதே இல்லை. வெந்நீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்த உலோகச் சுருள் வழியாகச் சாறு போகிறது. அந்தத் தண்ணீர் 69இல் இருந்தால், ஓட்டம் எவ்வளவு குறைந்தாலும் சாறு 69ஐத் தாண்டவே முடியாது. கருகாது, நொதி சாகாது. அதன் இயற்பியலே அதைக் காக்கிறது என்பதால் இந்த முறைமேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. விலை, இடம், கழுவும் வேலை மூன்றும் கூடுதல். வேகமும் குறைவு: 5 கிலோ மால்ட்டும் 15 லிட்டர் தண்ணீரும் சேர்ந்த மாஷ் 17 லிட்டர் தண்ணீருக்குச் சமம், அதை ஏற்ற, 20 லிட்டர் வெந்நீரையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். 13 ஆம்பியர் பிளக்கில் கிடைக்கும் 3 கிலோவாட்டுக்குள் நின்று கணக்கிட்டால், இழப்பே இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் உயரும். நடைமுறையில் அதில் பாதி. 120 வோல்ட் இணைப்பில் காய்ச்சும் அமெரிக்கர்களுக்கு இன்னும் குறையும். அவர்களில் பலர் 240 வோல்ட் இணைப்பைத் தனியாக இழுத்துக்கொள்வது இதனால்தான்.

கட்டுப்பாட்டு மின்னணுவியலைப் பற்றி நண்பர்களிடையே எழும் வாதம், பெரும்பாலும் வேண்டாத இடத்தில் செலவாகும் ஆற்றல் என்பது என் கருத்து. வெறும் ஆன்-ஆஃப் கருவி அரை டிகிரி முன்னும் பின்னும் ஆடும். பிஐடி கருவி குறியை நெருங்கும்போதே வெப்பத்தைக் குறைத்து, ஆட்டத்தை அடக்கும். 17 லிட்டர் கனத்தில் அரை டிகிரி ஆட்டத்தை நொதிகள் பொருட்படுத்துவதில்லை. சிறிய கொள்ளளவில் பெரிய வெப்பம் பாயும் ரிம்ஸ் குழாயில்தான் பிஐடி தன் விலைக்குத் தகுந்த வேலையைச் செய்கிறது. அங்கேயும் வெறும் தண்ணீரை ஓடவிட்டு அதைப் பழக்கினால் போதாது. மாஷ் வழியாகச் சாறு மெதுவாக வரும்போது அதன் கணிப்பு தவறிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தகைய கருவிகளில் ஹீட்டரை இயக்கும் சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணு சுவிட்ச் பழுதானால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். திரை அணைந்திருந்தாலும் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஈரத் தரையும் மின்சாரமும் சேரும் இடத்தில், 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்புக் கருவியும், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மெயின் சுவிட்சும் இல்லாமல் எவரும் காய்ச்சத் தொடங்கக் கூடாது. பானையை விட்டு வீட்டுக்குள் போகவும் கூடாது.

கடைசியில் நான் எதையும் விற்கவில்லை. பிட்டரும், மைல்ட் என்ற இன்னொரு ஆங்கில பீரும் காய்ச்சும் நாள்களில் கூல் பாக்ஸுக்கே திரும்பிவிட்டேன். அந்த பீர்களுக்கு அதைவிடச் சீரான வெப்பத்தை எந்தக் கருவியும் எனக்குத் தந்ததில்லை. படிப்படியாக ஏற்ற வேண்டிய பீர்களுக்கு மின்சாரப் பானை. அதன் குணத்தை அறிந்துகொண்டபின் அதனோடு எனக்குப் பிணக்கு இல்லை. உடைக்கும் உருளைகளின் இடைவெளியை 0.9 மில்லிமீட்டரிலிருந்து 1.2க்கு அகற்றினேன். பம்பின் வால்வை, சாறு படுகைக்கு மேல் இரண்டு விரல் அளவு நிற்கும்வரை மட்டும் திறக்கிறேன். வழிகுழாயில் சத்தம் கேட்டால் உடனே குறைக்கிறேன். மேலேறும் குழாய்க்கும் பானைக்கும் தடித்த உறை போட்டிருக்கிறேன். பத்தாவது நிமிடத்திலும் இருபதாவது நிமிடத்திலும் பம்பை நிறுத்தி, நீண்ட மரத் துடுப்பால் அடிவரை கிளறுகிறேன்.

சென்ற வாரம் கோதுமை பீர் காய்ச்சினேன். 44இல் இருபது நிமிடம், 63இல் நாற்பது, 72இல் அரை மணி. 63ஆம் படியின் இருபதாவது நிமிடத்தில் திரை 63.0, நடுவில் 62.6, ஓரத்தில் 62.1. சாற்றின் அடர்த்தி 1.050 வந்தது. இப்போது படிக்கட்டுக்குக் கீழே, 19 டிகிரியில், மூடியிலுள்ள காற்றடைப்பு நான்கு நொடிக்கு ஒருமுறை குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது.